ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டே படிக்கலாம்: உணவு உற்பத்திக்கான பகுதிநேரத் தொழிற்கல்வி

சேலத்தில் உணவு ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்வதற்குப் பெரிய படிப்பு தேவைப்படுவதில்லை. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கிழங்குத் தோல் உரிக்கும் பெண்களிடமோ, செவ்வாய்ப்பேட்டையில் மசாலாத்தூள் பாக்கெட் போடும் கைகளிடமோ, பால் பண்ணையில் கிரேட் அடுக்கும் இளைஞர்களிடமோ யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. உடம்பில் தெம்பும் நேரத்துக்கு வரும் பழக்கமும் இருந்தால் மறுநாளே வேலை. அதற்குப் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. பத்து ஆண்டுகளாக இயந்திரத்தை ஓட்டுகிறவர் அதே இடத்தில் நிற்க, போன மாதம் வந்த பட்டதாரி அவருக்கு சூப்பர்வைசர் ஆகிவிடுகிறார். பழைய ஆளுக்கு வேலை தெரியும். புதியவருக்கு அந்த வேலையை ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பது தெரியும். அதை ரிஜிஸ்டரில் எழுதி, ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் விளக்கவும் தெரியும்.

இந்தக் குறையை வேலையை விடாமலேயே தீர்த்துக்கொள்வதற்கான வழிதான் பகுதிநேரத் தொழிற்கல்வி. வேலைக்குப் போகிறவர் படித்தால் அது அரைகுறைப் படிப்பு என்று நம் ஊரில் ஓர் எண்ணம் உண்டு. உணவுத் தொழிலைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தவறு என்று உறுதியாகச் சொல்வேன். கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் ஆலையைச் சில வாரப் பயிற்சியில் மட்டும் பார்க்கிறார். பகுதிநேரம் படிப்பவரோ ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்டதைத் திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் தன் கண்ணால் சரிபார்க்கிறார். ஆய்வுக்கூடம் அவர் வேலை செய்யும் இடத்திலேயே இருக்கிறது.

தொழிற்கல்வி என்றால் குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்வதற்காகக் கற்பது. மதிப்பெண்ணில் பெரும்பங்கு செய்து காட்டுவதற்கே. பகுதிநேரம் என்றால் வகுப்பு வாரக் கடைசியிலோ, மாதத்தில் ஒரு நாளோ, ஆண்டில் சில நாள் செய்முறை முகாமாகவோ அமைந்திருக்கும். மீதியை வீட்டில் புத்தகம் வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும். நான்கு மணி நேரப் பயிற்சியிலிருந்து ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டுப் பட்டயம் வரை எல்லாமே இந்தப் பெயருக்குள் வந்துவிடும். அதனால்தான் புதிதாக விசாரிப்பவர்கள் குழம்பிப்போகிறார்கள். எந்தப் படிப்பு என்பதைப் பார்ப்பதற்கு முன், அதில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

சேகோ ஆலையில் ஒளிந்திருக்கும் பாடம்

நம் மாவட்டத்துக்கு அடையாளமான தொழிலையே எடுத்துக்கொள்வோம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுமுன்பே, 1981இல், இங்குள்ள உற்பத்தியாளர்கள் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துவிட்டார்கள். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் தனி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆக, இந்தத் தொழிலைப் பற்றிய அறிவு நமக்குத் தொலைவில் இல்லை.

லாரியில் வந்திறங்கும் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைவை இயந்திரத்தில் போடுகிறார்கள். வரும் மாவுப்பாலைச் சல்லடையில் விட்டால் நார் பிரிந்து திப்பியாக ஒதுங்குகிறது. பால் தொட்டிகளுக்குப் போகிறது. அங்கே மாவு மெல்ல அடியில் படிகிறது. மேல்நீரை வடித்துவிட்டு, கெட்டியாக உறைந்த மாவை வெட்டி எடுத்து, உதிர்த்து, குலுக்கி உருண்டையாக்கி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைத்து, மூட்டை பிடிக்கிறார்கள். வறுப்பதற்குப் பதிலாக ஆவியில் வேகவைத்தால் அது நைலான் ஜவ்வரிசி.

இதில் எந்த இடத்தில் நின்று கேட்டாலும் ஒரு பாடம் இருக்கிறது. கிழங்கை ஏன் வந்த ஒன்றிரண்டு நாட்களுக்குள் அரைத்துவிட வேண்டும்? பிடுங்கிய கிழங்கின் உள்ளே உயிர்வேதி மாற்றங்கள் தொடங்கி, நரம்புகள் கருநீலமாகின்றன, மாவுச்சத்தும் குறைகிறது. அரைப்பதும் கழுவுவதும் மாவைப் பிரிப்பதற்கு மட்டும்தானா? மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கின் செல்கள் உடையும்போது அங்கேயே உள்ள நொதி அதைச் சிதைத்து ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடுகிறது. கழுவும் நீரிலும் காயவைக்கும்போதும் அது வெளியேறிவிடுகிறது. கழுவலைக் குறைத்தால் நிறம் மட்டும் கெடுவதில்லை என்பது இதைப் படித்தவருக்குத்தான் உறைக்கும். கிழங்கு விலையைப் பாயிண்ட் கணக்கில், அதாவது மாவுச்சத்தின் அளவை வைத்துப் பேசுகிறார்களே, அதன் அடிப்படை என்ன? மாவுச்சத்து தண்ணீரைவிட அடர்த்தியானது. மாவு கூடுதலாக உள்ள கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தால் எடை கூடுதலாகக் காட்டும். விவசாயிக்கும் ஆலைக்கும் இடையில் வாக்குவாதம் வரும்போது, இந்த எளிய இயற்பியலை விளக்கத் தெரிந்த ஓர் ஆள் எடைமேடையில் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

வறுக்கும் தட்டிலும் அப்படித்தான். ஈரமான மாவு சுமார் 60, 70 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொடும்போது நீரை உறிஞ்சி, வீங்கி, பசையாகிறது. உருண்டையின் மேற்புறத்தில் இந்தப் பசைத்தோல் நன்றாக உருவாகியிருந்தால்தான் பாயசத்தில் போட்ட ஜவ்வரிசி கரையாமல் முத்து முத்தாக நிற்கும். தட்டு போதிய சூடாகவில்லை என்றால் உருண்டை காய்ந்து அழகாகத்தான் இருக்கும். கொதிக்கும் பாலில் விழுந்ததும் கூழாகிவிடும்.

காயவைப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் படிப்பு என்ன கொடுக்கிறது என்பது அங்கே தெளிவாகத் தெரியும். களத்தில் கிடக்கும் ஜவ்வரிசியை எப்போது அள்ளலாம் என்பதைப் பழகியவர்கள் கையில் எடுத்து உருட்டி, ஒன்றைக் கடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். படித்தவர் அதே கையோடு இன்னொன்றும் செய்கிறார். பத்து கிராம் மாதிரியை எடுத்து, 105 டிகிரி செல்சியஸ் சூட்டடுப்பில் எடை மேலும் குறையாத அளவுக்கு உலர்த்தி, மறுபடி எடை போடுகிறார். 8.8 கிராம் நின்றால் போன 1.2 கிராம் தண்ணீர்; அதாவது ஈரப்பதம் 12 சதவீதம்.

இனி கணக்கு. தொட்டியிலிருந்து எடுத்த 100 கிலோ ஈரமாவில் 40 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். திடப்பொருள் 60 கிலோ. வழியில் சிந்தியது போனது எல்லாம் இல்லை என்றால், 12 சதவீத ஈரத்தில் அள்ளும்போது கிடைப்பது 60ஐ 0.88ஆல் வகுத்தால் வரும் எண்: சுமார் 68.2 கிலோ. 14 சதவீதத்திலேயே அள்ளிவிட்டால் சுமார் 69.8 கிலோ. நூறு கிலோவுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கூடுதல். முதலாளிக்கு லாபம்போலத் தோன்றும். ஆனால் அந்தக் கூடுதல் முழுவதும் தண்ணீர். மழைக்காலத்தில் கிடங்கில் அடுக்கிய மூட்டைக்குள் பூஞ்சை வளர்வதற்கு அது வழிவிடும். எந்த அளவு தாண்டினால் பூஞ்சை வளரும், எது தாங்கும் என்பதை எண்ணில் சொல்லத் தெரிந்த தொழிலாளியின் பேச்சுக்கு ஆலையில் மதிப்பு வேறு. வகுத்தலும் சதவீதமும் தெரிந்தால் இந்தப் பாடம் முடிந்தது. எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

வெண்மை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால்தான் ஜவ்வரிசி விலைபோகும் என்ற நிலை வந்ததால், வெளுக்கும் ரசாயனங்களைப் போடும் வழக்கம் சில இடங்களில் புகுந்தது. உணவுப் பாதுகாப்புத் துறை நம் மாவட்டத்தில் பலமுறை சோதனை நடத்தி நடவடிக்கை எடுத்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சவும் நோன்பு நாளில் உப்புமா கிளறவும் வாங்கும் பொருள் இது. வெண்மைக்கு நேர்மையான வழிகள் உண்டு: புதிய கிழங்கு, உள்தோல்வரை சுத்தமாக உரிப்பது, நல்ல தண்ணீர், மாவுப்பால் புளிக்கும்முன் மாவைப் பிரித்துவிடுவது. இவற்றையெல்லாம் ஒரு மூட்டை ரசாயனம் ஈடுகட்டிவிடும் என்று யாராவது சொல்லும்போது, காரணத்தோடு மறுத்துச் சொல்லக்கூடிய ஆள் தொழிற்கூடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். எனக்கு இந்தப் படிப்பின் மேல் இவ்வளவு அக்கறை இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

பாலிலும் பழத்திலும்

மற்ற ஆலைகளிலும் பாடத்தின் தன்மை இதேதான். பால் பண்ணையில் பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி, அல்லது 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்திருந்து, உடனே குளிர்விக்கிறார்கள். சூடு ஒரு கணம் குறைந்தாலும் குழாயில் உள்ள திசைமாற்று வால்வு அந்தப் பாலை முன்னே விடாமல் தொடக்கத் தொட்டிக்கே திருப்பிவிடும். வால்வு வேலை செய்ததா என்பதை எப்படி உறுதிசெய்வது? பாலில் இயல்பாக உள்ள பாஸ்பட்டேஸ் என்ற நொதி, கிருமிகள் சாகும் அதே சூட்டில்தான் அழிகிறது. இப்படிச் சூடாக்கிக் கிருமி நீக்கிய, அதாவது பேஸ்டரைஸ் செய்த பாலில் அந்த நொதி இன்னும் இருந்தால் சூடு போதவில்லை என்று பொருள். ஒரு சோதனைக் குழாயில் நிறம் மாறுவதைப் பார்த்து ஆயிரக்கணக்கான லிட்டர் பாலின் தலைவிதியைச் சொல்லிவிடலாம்.

பழத்தில் ஜாமை எடுத்துக்கொண்டால், அதில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய விதி. அதை ஒரு சொட்டு வைத்துப் பார்க்கும் சிறு கருவி ரிஃப்ராக்டோமீட்டர். மாம்பழக் காலத்தில் வீட்டிலேயே ஜாம் செய்து விற்கும் குடும்பங்கள் நம் ஊரில் பல இருக்கின்றன. இந்த ஒரு கருவியைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குப்பிகள் புளித்துத் திரும்புவது நின்றுவிடும். ஏற்காட்டில் காபி, மிளகுத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் பதப்படுத்தும் பகுதியில் இதே அறிவு தேவை. பழுத்த காபிப் பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்காவிட்டால் புளிப்பேறி, கோப்பைவரை அந்த வாடை தொடரும். காபி வாரியம் பெங்களூரில் நடத்தும் காப்பி சாஸ்திரா என்ற குறுகியகாலப் பயிற்சி, வறுப்பதையும் சுவை பார்ப்பதையும் கற்க விரும்புகிறவர்களுக்கானது.

எந்த ஆலைக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஹாசப் (HACCP). 1960களில் விண்வெளி வீரர்களுக்கான உணவைத் தயாரிக்கும்போது அமெரிக்காவில் உருவான முறை இது. முடிந்த பொருளைச் சோதித்துக் கெட்டதை ஒதுக்குவதற்குப் பதிலாக, தயாரிப்பின் எந்தெந்தக் கட்டத்தில் ஆபத்து நுழைய முடியும் என்று முன்கூட்டியே கண்டு, அந்த இடங்களில் ஓர் அளவை நிர்ணயித்து, அதைத் தொடர்ந்து கண்காணிப்பது. பால் பண்ணையில் அந்த இடம் 72 டிகிரி. மசாலா ஆலையில் இரும்புத்துகள் பிடிக்கும் காந்தமும் உலோகம் கண்டறியும் கருவியும். ஏழு கோட்பாடுகளாக இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். மனப்பாடம் செய்வது எளிது. தன் ஆலையின் ஓட்டப் படத்தைத் தானே வரைந்து, ஆபத்தான இடங்களைக் குறித்துப் பார்ப்பதுதான் உண்மையான பயிற்சி. அதை, வேலையில் இருக்கிறவர் மற்ற எவரையும்விட நன்றாகச் செய்வார்.

சட்டம் யாரைக் கேட்கிறது

படிப்பைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒரு விஷயம் உரிமத்தின் நிபந்தனைகள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ் 2011இல் வந்த உரிம விதிகள், உணவு உற்பத்தி செய்யும் நிறுவனம் உற்பத்தியை மேற்பார்வையிடக் குறைந்தது ஒரு தொழில்நுட்ப ஆளை வைத்திருக்க வேண்டும் என்கின்றன. அவர் வேதியியல், உயிர்வேதியியல், உணவும் ஊட்டச்சத்தும், நுண்ணுயிரியல் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்ட அறிவியல் பட்டமோ, உணவுத் தொழில்நுட்பத்தில் பட்டமோ பட்டயமோ, அல்லது அதற்கு இணையானதோ பெற்றிருக்க வேண்டும். பட்டயம் என்ற சொல் அங்கே இருப்பதைக் கவனியுங்கள். பிளஸ் டூ முடித்து ஆலைக்கு வந்துவிட்ட ஒருவர் வேலையோடு பட்டயம் முடித்தால், சட்டம் கேட்கும் அந்த நாற்காலிக்கு அருகில் வந்துவிடுகிறார். ஆனால் எல்லாப் பட்டயமும் இந்த வரிக்குள் வரும் என்று நினைத்துச் சேர்ந்துவிடக் கூடாது. சேர்வதற்கு முன்பே, நீங்கள் நினைத்திருக்கும் பட்டயம் இணையாகக் கொள்ளப்படுமா என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதே விதிகள், தினசரி உற்பத்தி, மூலப்பொருள் பயன்பாடு, விற்பனை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடு வைக்கச் சொல்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பொருளை ஆய்வுக்கு அனுப்பச் சொல்கின்றன. இவற்றைச் செய்ய ஆள் வேண்டும். சிறிய ஆலைகளில் அந்த வேலை முதலாளியின் மகன் தலையில் விழுகிறது, அல்லது யாரும் செய்வதில்லை. செய்யத் தெரிந்த தொழிலாளிக்கு அங்கே இடம் காலியாகவே இருக்கிறது.

எங்கே, எவ்வளவு காலம்

தொடங்குவதற்கு எளியது ஃபோஸ்டாக் பயிற்சி. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் தொடங்கிய திட்டம் இது. அடிப்படைப் பயிற்சிக்கு நான்கு மணி நேரம், உயர்நிலைக்கு எட்டு மணி நேரம் அளவில்தான் ஆகும். உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் எதிர்பார்ப்பு. சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். இதை முடித்துவிட்டதாலேயே யாரும் சூப்பர்வைசர் ஆகிவிடுவதில்லை. ஆனால் படிப்பு நமக்கு ஒத்துவருமா என்று ஒரே நாளில் தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அடுத்தது தமிழ்வழியில் ஆறு மாதச் சான்றிதழ். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் பழம், காய்கறி பதப்படுத்துதல், அடுமனைப் பொருட்கள் போன்றவற்றில் இப்படிப்பட்ட படிப்புகள் நடந்துவருகின்றன. ஆண்டுக்கு ஆண்டு எவை திறக்கின்றன என்பது மாறும். அதே பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் நம் சந்தியூரில் இருக்கிறது. அங்கே மதிப்புக்கூட்டல் பற்றிய ஒன்றிரண்டு நாள் பயிற்சிகள் நடக்கும். மகளிர் குழுவில் இருக்கிறவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது. கோவைக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் மல்லூர்ப் பாதையில் போய் விசாரித்துவிடலாம்.

பட்டயம் வேண்டும் என்றால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நினைவுக்கு வர வேண்டும். இக்னோ என்றே எல்லோரும் சொல்வார்கள். பால்பொருள் தொழில்நுட்பம், பழம் காய்கறிகளில் மதிப்புக்கூட்டல், தானியம் பருப்பு எண்ணெய்வித்துகளில் மதிப்புக்கூட்டல் ஆகியவற்றில் பிளஸ் டூ படித்தவர்களுக்கான ஓர் ஆண்டுப் பட்டயங்களை அது வடிவமைத்திருக்கிறது. ஓர் ஆண்டில் முடிக்க முடியாதவர்களுக்குக் கூடுதல் காலமும் கொடுக்கிறார்கள். பட்டதாரிகளுக்கு உணவுப் பாதுகாப்பு, தர மேலாண்மையில் முதுநிலைப் பட்டயம் உண்டு. செய்முறை வகுப்பு எந்த ஊரில் நடக்கும் என்பதை முதலிலேயே கேளுங்கள். பாடம் வீட்டுக்கு வந்துவிடும். செய்முறைக்கு நாம்தான் போக வேண்டும், சில சமயம் தொலைவாகவும் இருக்கும். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருப்பது பலரைத் தயங்க வைக்கிறது. அதில் வரும் கலைச்சொற்களில் பாதியை நீங்கள் தினமும் ஆலையில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்: பாய்லர், வால்வு, பேட்ச், மாய்ஸ்சர், சாம்பிள். மீதிப் பாதிக்கு ஒரு நோட்டுப் போட்டு, எதிரில் தமிழில் எழுதிக்கொண்டே வந்தால் இரண்டு மாதத்தில் புத்தகம் பழகிவிடும்.

தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இரண்டும் சில நாள் குறும்பயிற்சிகள் நடத்துகின்றன. பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்கு அங்கே போகும் மூன்று நாள் மிகவும் பயன்படும். புதியவருக்கு அவ்வளவாகப் பயன்படாது. கேட்பதற்குக் கேள்வி சேர்ந்திருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்போடு நின்ற இளைஞர்களுக்கு ஐ.டி.ஐ., தொழிற்பழகுநர் பயிற்சி என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் முழுநேரம்தான் என்றாலும் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். மாத உதவித்தொகையும் கொடுக்க வேண்டும். 2016இல் வந்த தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் அந்தத் தொகையில் கால்பங்கை, 1,500 ரூபாய் வரை, ஏற்றுக்கொள்கிறது. கையில் வருமானம் இல்லாமல் படிக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நேரான பாதை. ஐ.டி.ஐ.யில் அடுமனை, பழம் காய்கறி பதப்படுத்துதல், பால்பொருள் போன்ற பிரிவுகள் நாட்டளவில் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. எல்லாப் பிரிவும் எல்லா ஊரிலும் இருக்காது. ஐயந்திருமாளிகையில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யில் நேரில் போய்க் கேட்டால், பக்கத்து மாவட்டங்களில் எது எங்கே என்றும் தெரிந்துவிடும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படித்தவர்களும் உணவு ஆலைக்கு வரலாம். பாய்லரும் குளிரூட்டியும் இல்லாமல் எந்த ஆலையும் ஓடாது.

முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒன்றும் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழ் குறைவாக இருந்தாலும் ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்து, தேசியத் தகுதி நிலைகளில் அவருக்கு உரிய நிலைக்குச் சான்றளிக்கும் முறை. நம் ஆலைகளில் இருபது ஆண்டு கைப்பழக்கம் உள்ள பெண்களுக்கு இது போய்ச் சேரவே இல்லை என்பது என் வருத்தம். தோலுரிக்கும் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு எந்தக் கிழங்கு எத்தனை நாள் பழையது என்று தொட்டதுமே தெரியும். அந்த அறிவுக்கு ஒரு பெயரும் ஒரு நிலையும் கொடுத்துவிட்டால், அவரை மூலப்பொருள் ஆய்வுக்கு மாற்ற முதலாளிக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

ஏமாறாமல் இருக்க

சான்றிதழை மட்டும் விற்கும் இடங்களும் உண்டு. ஒரே வாரத்தில் பட்டயம், வகுப்பே வேண்டாம், வேலை உறுதி என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். குறுகியகாலத் திறன் படிப்பு என்றால் தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும், தொலைதூரப் பட்டயம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு அந்தப் படிப்பை அந்த ஆண்டுக்கு அனுமதித்திருக்கிறதா என்றும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். இவற்றைவிட ஒரு கேள்வி முக்கியம்: செய்முறை எத்தனை நாள், எந்தக் கருவிகளோடு? ரிஃப்ராக்டோமீட்டரையும் ஈரப்பதமானியையும் படத்தில் மட்டும் காட்டும் இடத்தில் உணவுத் தொழிலைக் கற்க முடியாது.

ஆலை முதலாளியிடம் சொல்லிவிட்டே சேருங்கள். மறைத்துப் படித்தால் செய்முறை வகுப்பு நாளில் விடுப்புக்குத் திண்டாட வேண்டும். சொல்லிவிட்டால், ஷிஃப்ட் மாற்றிக் கொடுப்பதோடு, தர ஆய்வு அறையில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நிற்க அனுமதிக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்கும்படியும் கேட்டுப் பார்க்கலாம். உரிம நிபந்தனையை எடுத்துக்காட்டிக் கேட்டால் அது சலுகை கேட்பதாகத் தோன்றாது. அனுபவச் சான்றுக் கடிதத்தையும் அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் உதவியாளர் என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், எந்த இயந்திரத்தில், எந்தக் கட்டத்தில், எந்த ஆண்டிலிருந்து என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

நேரம் பற்றிய கவலைக்கு நம் ஊர்த் தொழிலே ஓரளவு விடை வைத்திருக்கிறது. கிழங்கு வரத்து மிகும் மாதங்களில் சேகோ ஆலைத் தொழிலாளிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வரத்து குறையும் கோடையில் பல ஆலைகளின் ஓட்டமும் குறைந்துவிடும். மாம்பழம் பதப்படுத்தும் வேலையில் இருப்பவர்களுக்கு இது நேர்மாறு. ஏப்ரல் முதல் ஜூன் வரை அவர்களை யாரும் வகுப்புக்குக் கூப்பிடவே கூடாது. பால் பண்ணைக்கு மட்டும் ஓய்வுக் காலம் கிடையாது. அங்கே ஷிஃப்டை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். இக்னோவில் சேர்க்கை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும். தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும். சேகோ ஆலையில் இருப்பவர் ஜூலைச் சேர்க்கைக்கு மே மாதமே பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், ஆதார், புகைப்படம், அனுபவக் கடிதம் ஆகியவற்றை எடுத்து வைத்துவிட்டால், ஆலை ஓட்டம் சூடுபிடிப்பதற்கு முன் முதல் இரண்டு புத்தகங்களை முடித்துவிடலாம். டிசம்பர்த் தேர்வு எழுத வேண்டியிருந்தால் அதற்கான விடுப்பை அக்டோபரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அறுவடை மும்முரத்தில் கேட்டால் எந்த சூப்பர்வைசரும் தர மாட்டார்.